ஆர்10 கிடைக்காத நேரத்தில் வாங்கிப் பார்த்த மூன்று டின் பெல்லட்

ஏர் பிஸ்டலில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டுதான் பெல்லட். அதில் ஆர்டபிள்யூஎஸ் கம்பெனியின் ஆர்10 கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் பிஸ்டல், ஹெட் சைஸ் (முன்பக்க விட்டம்) 4.50 மில்லிமீட்டர், எடை 0.49 கிராம். தினப்படி பிராக்டிஸுக்கு ஆர்டபிள்யூஎஸ் மைஸ்டர்குகெல்ன் பிஸ்டல், 0.45 கிராம். மூன்றாவதாக ஒரு மலிவான டின் வாங்கினேன், அதை இனி தொடமாட்டேன். ஆனால் இதெல்லாம் பிள்ளைகள் சுட்டுப் பழகும் எங்கள் ரேஞ்சில் இருக்கும் ஒரு பிஸ்டலின் பேரல் (குழல்) சொன்ன தீர்ப்பு. உங்கள் பேரல் வேறு சொல்லலாம். எப்படிப் பார்த்தோம் என்று தெரிந்தால் உங்களுக்கு எது சரி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர், காலடிப்பேட்டை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். ரேஞ்ச் தண்டையார்பேட்டையில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில். நான்கு லேன், பேப்பர் கார்டு, கையால் சுற்றி இழுக்கும் டார்கெட். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் தனிநபர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கி, சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வாங்கிய பிறகு, எங்கள் மாடிக்கு வரும் பெண் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மீன் விற்கிற அம்மாவின் மகளும் வருகிறாள், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகளும் வருகிறாள். பிஸ்டல் ரேஞ்சுடையது, முறை வைத்துச் சுடுகிறார்கள். பெல்லட் மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேலை எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில், குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெர்னியர், மைக்ரோமீட்டர், பிளக் கேஜ், கோ–நோகோ கேஜ். வந்த சரக்கு டிராயிங்கில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அதனால் பெல்லட் டின்னையும் அப்படித்தான் பார்த்தேன்.

மேட்ச் பெல்லட் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. கன்சைன்மென்ட் வந்தால் கடையில் இருக்கும், தீர்ந்தால் அடுத்தது எப்போது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒரு டின்னில் 500. ஒரு மேட்ச் என்பது 60 ஷாட், அதற்கு முன்னால் குறியைச் சரிபார்க்கும் சைட்டிங் ஷாட் வேறு. தினமும் பிராக்டிஸ் பண்ணுகிற பிள்ளைக்கு ஒரு டின் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. இந்த முறை ஆர்10 தீர்ந்துபோனபோது மாவட்ட அளவிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, எது கிடைக்குதோ வாங்கிக்கோங்க, பிள்ளைங்க கை தான் முக்கியம்" என்றார் கோச். கை முக்கியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கை சரியாக இருக்கும்போது பெல்லட் தப்பாகப் போனால் பிள்ளை தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். பதினாறு வயதில் அந்தச் சந்தேகம் உள்ளே நுழைந்தால் வெளியேற்றுவது பெரும் பாடு.

கார்டில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் உள் பத்து 5 மில்லிமீட்டர். 9 வளையம் 27.5. பெல்லட் 4.5 மில்லிமீட்டர். பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒரே கையில், ஒன்றரை கிலோ வரை இருக்கக்கூடிய பிஸ்டலைப் பிடித்து, 500 கிராமுக்குக் குறையாத டிரிக்கரை அழுத்தி அந்த 11.5 மில்லிமீட்டருக்குள் போட வேண்டும். பெல்லட் தன் பங்குக்கு நான்கைந்து மில்லிமீட்டர் விலகினால் நல்ல பத்து ஒன்பதாகிவிடும். அறுபது ஷாட்டில் அது எத்தனை தடவை நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். முன்பக்கம் தட்டையான ஹெட், பின்பக்கம் உள்ளே குழிந்த மெல்லிய ஸ்கர்ட். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது ஸ்கர்ட் விரிந்து பேரலின் சுவரோடு ஒட்டும், காற்று கசியாது. பேரலின் உள்ளே இருக்கும் ரைஃப்ளிங் (சுழல் வரி) மேட்டில் ஹெட் உரசிக்கொண்டு நேராகப் போகும். ஆகவே மாற்று தேடும்போது பார்க்க வேண்டியது, என் கணக்கில், முதலில் ஹெட் சைஸ், அடுத்து எடை, அதற்கப்புறம்தான் பிராண்டு. டின்னின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 4.49, 4.50, 4.51 என்று இருக்கும். பழைய ஆர்10 டின்னைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், அதில் 4.50. அதே எண்ணைத் தேடி வாங்கினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏர் பிஸ்டலில் பெல்லட்டை மாற்றிப் பார்ப்பதில் பயம் இல்லை. சிலிண்டரில் இருக்கும் காற்றை ரெகுலேட்டர் அளந்து விடுகிறது, பெல்லட் எதுவானாலும் பின்னாலிருந்து தள்ளும் விசை கிட்டத்தட்ட அதேதான். சரியில்லாத பெல்லட் என்றால் கார்டில் ஓட்டை சிதறும், அவ்வளவுதான். தோட்டா பிஸ்டல் சுடுகிறவர்களின் கதை அப்படியல்ல. வெளிநாடுகளில் சுட்ட தோட்டாக் கூட்டில் திரும்ப வெடிமருந்து நிரப்பிச் சுடுகிற வழக்கம் உண்டு. அங்கேயும் இதே மாதிரி வழக்கமான மருந்து கடையில் இல்லாமல் போகும். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றை அதே அளவு போட்டால் பேரலோ தோட்டா உட்காரும் சேம்பரோ வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும். மருந்து எரியும் வேகம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதே எடையுள்ள வேகமான மருந்து, அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும். எரியும் வேகத்தை வரிசைப்படுத்திய பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகிவிடாது. தயாரித்தவர் அந்தந்த மருந்துக்கும் குண்டுக்கும் அச்சிட்டுக் கொடுத்த அட்டவணை இருந்தால்தான் அதைத் தொடலாம், அதுவும் குறைந்த அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அட்டவணை இல்லையென்றால் காத்திருப்பது ஒன்றே வழி. என் மகள் நாளைக்குத் தோட்டா சுடுகிற 25 மீட்டர் பிஸ்டலுக்குப் போக ஆசைப்படலாம். அதனால் இந்த வித்தியாசத்தை இப்போதே அவள் மனதில் பதிய வைத்தேன்.

சரி, டின்னுக்கு வருகிறேன்.

மலிவான டின்னை முதலில் முடித்துவிடுகிறேன். பெயர் போடவில்லை, அது நம்மூர்ச் சந்தையில் பல லேபிளில் சுற்றுகிற சரக்கு. விலை ஆர்10-இல் பாதிக்கும் கீழே. தட்டை ஹெட் என்று படம் போட்டிருந்தது, உள்ளேயும் தட்டை ஹெட்தான். ஸ்டிக்கரில் ஹெட் சைஸும் இல்லை, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பரும் இல்லை. இன்ஸ்பெக்ஷன் வேலை பார்க்கிறவளுக்கு லாட் நம்பர் இல்லாத சரக்கு என்றாலே கை நிற்கும். 0.001 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு பிடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். 0.46-இலிருந்து 0.52 வரை ஓடியது. ஒரே டின்னுக்குள் இவ்வளவு. சிலவற்றில் ஸ்கர்ட்டின் ஓரத்தில் பிசிறு, நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

அப்புறம் கண்ணாடி. டீப்பாயின் கண்ணாடியை எடுத்து ஒரு பக்கம் லேசாக உயர்த்தி வைத்து, பெல்லட்டை மேலிருந்து உருட்டிவிடுவேன். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு விட்டம் என்பதால் நேராக உருளாது, வளைந்து போகும். அந்த வளைவு எல்லா பெல்லட்டுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஸ்கர்ட் நெளிந்தது தள்ளாடிக்கொண்டு வேறு பக்கம் போய் நிற்கும். ஆர்10-இல் எப்போதாவது ஒன்று அப்படிப் போகும். இந்த டின்னில் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் குவிந்தது. "மா, இது பூரா பிராக்டிஸுக்கே வேணாம்மா" என்று மகளே தள்ளி வைத்துவிட்டாள். ரேஞ்சில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு லோடு பண்ணவும் டிரிக்கர் பழகவும் கொடுத்தோம். கார்டு மாட்டாமல் வெறும் டார்கெட்டில் சுட்டுப் பழக அது போதும்.

மைக்ரோமீட்டரில் ஹெட்டை அளந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நான் அதை நம்பவில்லை. ஈயம் மிருதுவானது, மைக்ரோமீட்டரின் வாய் பட்டதும் அமுங்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் தேடுகிற இடத்தில் அளக்கும்போதே அளவு மாறினால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? ஸ்டிக்கரையும், லோடு பண்ணும்போது கட்டை விரலில் தெரிவதையும், கடைசியாகக் கார்டையும் நம்பினேன். மகளின் கட்டை விரல் இதில் கெட்டிக்காரி. மலிவு டின்னில் ஒன்று தானாக வழுக்கி உள்ளே விழுகிறது, அடுத்தது அழுத்தினால்தான் போகிறது என்றாள். ஃபினாலே மேட்ச்சில் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, லேசாகத் தடுத்து உள்ளே உட்காருகிறது.

கார்டில் சோதிப்பதற்கு ஆள் கையில் பிடித்துச் சுடக் கூடாது. கை ஆடினதா பெல்லட் விலகினதா என்று தெரியாமல் போய்விடும். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, உள்ளே மணல் நிரப்பி ஒரு மூட்டை செய்தேன். மேஜைமேல் அதை வைத்து, பிஸ்டலை அதில் புதைத்தாற்போல் உட்காரவைத்து, கோச் உட்கார்ந்து சுட்டார். டின் மாற்றும்போதெல்லாம் முதல் இருபது ஷாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. முந்தைய பெல்லட்டின் ஈயப் பூச்சு பேரலுக்குள் இருக்கும், புதியது அதற்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். பேரல் சுத்தம் பண்ணும் ஃபெல்ட் உருண்டைகளை இரண்டு மூன்று விட்டுவிட்டுத்தான் அடுத்த டின்னை ஆரம்பித்தோம். அதற்கப்புறம் ஒரு கார்டுக்கு ஐந்து ஷாட், எல்லாம் ஒரே புள்ளியைப் பார்த்து.

கார்டு அளப்பது எனக்குப் பிடித்த வேலை. ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கிழிசலாக இருக்கும். அதன் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை வெர்னியரில் எடுத்து 4.5 கழித்தால், நடுப்புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் கிடைக்கும். கண்ணால் பார்க்கும் ஓட்டை பெல்லட்டைவிடச் சிறிதாகத் தெரியும், காகித நார் திரும்பவும் உள்பக்கம் சுருங்கிவிடுவதால். போட்டியில் சந்தேகம் வந்தால் பிளக் கேஜைச் செருகிப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். அந்த வேலையை நான் தினமும் கம்பெனியில் இரும்பில் செய்கிறேன். தட்டை ஹெட் பெல்லட்டுக்கு இதனால்தான் மவுசு. காகிதத்தை வட்டமாக வெட்டி எடுக்கும், கூர் பெல்லட் போல நட்சத்திரமாகக் கிழிக்காது. கிழிந்த கார்டில் பத்தா ஒன்பதா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

மைஸ்டர்குகெல்ன் பிஸ்டலைப் பற்றி எனக்கு முதலில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை, ஆர்10-க்கு ஒரு படி கீழே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எடை அதே 0.45 கிராம். குறி பார்க்கும் சைட்டில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆர்10-இல் எங்கே விழுந்ததோ அங்கேயே விழுந்தது. ஓட்டைகள் சேர்ந்து விழும் பரப்பு, அதாவது குரூப், கொஞ்சம் பெரிது, ஆனாலும் மூட்டையில் வைத்துச் சுட்ட ஐந்தும் 10 வளையத்துக்குள்ளேயே அடங்கியது. பிராக்டிஸில் பிள்ளைக்கு அது போதும் என்பது என் தீர்மானமான கருத்து. தினசரி நூறு ஷாட் சுடுகிறவள் ஒவ்வொன்றுக்கும் மேட்ச் பெல்லட் விலை கொடுத்தால் குடும்பம் தாங்காது. மைஸ்டர்குகெல்ன் எங்களுக்கு மாதச் செலவில் கண்கூடாக மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஃபினாலே மேட்ச் பிஸ்டல்தான் இந்த மூன்றில் மனதுக்கு நிறைவாக இருந்தது. தயாரிப்பவர்கள் ஜெர்மனியின் ஹான் முண்டன் ஊர்க்காரர்கள், 1825-இல் ஆரம்பித்த பழைய கம்பெனி. டின்னைத் திறந்ததும் மேலே ஸ்பாஞ்சு வட்டம், அதன் கீழே பெல்லட்டுகள் மங்கலான சாம்பல் பளபளப்போடு. தராசில் வைத்தால் 0.49-ஐ ஒட்டியே நின்றது, கண்ணாடியில் உருட்டினால் ஒரே வளைவில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தது. கார்டில் ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டை, ஓரம் மட்டும் லேசாகத் தின்ற மாதிரி. கோச் கார்டை லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் கொடுத்தார். வெர்னியர் வைத்தேன். ஆர்10-ஐவிட ஒரு துளியும் பின்தங்கவில்லை.

எடை மட்டும் 0.04 கிராம் கூடுதல். அது என்ன செய்யும் என்று மகள் தன் இயற்பியல் நோட்டிலேயே கணக்குப் போட்டாள். காற்று கொடுக்கும் ஆற்றல் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், 0.45 கிராம் பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் போகுமானால் 0.49 கிராம் சுமார் 144 மீட்டர் போகும். ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல் வருகிறது. நம் நாட்டில் லைசென்ஸ் தேவைப்படாத ஏர் பிஸ்டலுக்கான 20 ஜூல் வரம்புக்கு வெகு கீழே. பத்து மீட்டர் போவதற்கு முதலாவது 0.0667 விநாடி எடுக்கும், இரண்டாவது 0.0696. அந்த நேரத்தில் புவியீர்ப்பு இழுக்கும் இழுப்பு முதலாவதற்கு சுமார் 22 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு சுமார் 24. ஆக வித்தியாசம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு. காற்றின் எதிர்ப்பை அவள் கணக்கில் எடுக்கவில்லை, இருந்தாலும் கார்டில் ஏறக்குறைய அப்படியேதான் விழுந்தது, குரூப் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பின் சைட்டில் சில கிளிக் மேலே வைத்ததும் நடுவுக்கு வந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் படித்ததை அவள் தன் கார்டில் கண்டபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது.

இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள். கனமான பெல்லட் பேரலுக்குள் ஒரு நொடித் துணுக்கு கூடுதலாக இருக்கிறது. டிரிக்கர் விட்ட உடனே கையைத் தளர்த்தினால் பெல்லட் வெளியே வருவதற்குள் பேரல் நகர்ந்துவிடும். ஷாட் முடிந்த பிறகும் சைட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மூச்சு நேரம் நிற்க வேண்டும் என்று கோச் தொண்டை வறளக் கத்துவார் அல்லவா, ஃபினாலே மேட்ச் அதைச் சரியாகச் செய்கிறவளுக்குப் பலன் கொடுக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றத்தை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுவேன். பெல்லட் மாறுகிற வாரத்தில் கிரிப்பைச் சீவுவது, டிரிக்கரை முறுக்குவது, புது ஷூ போடுவது எல்லாம் வேண்டாம். ஸ்கோர் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் தெரியாமல் போய்விடும். எங்கள் கம்பெனியிலும் ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனால் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

கடைக்கு வருகிறேன். ஒரு டின்னை ஆன்லைனில் வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். வெறும் காகிதக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார். வரும் வழியில் எங்கேயோ டின் நசுங்கி, ஓரத்தில் இருந்த பெல்லட்டுகளின் ஸ்கர்ட் எல்லாம் முட்டை வடிவமாகிவிட்டது. பணம் திருப்பித் தருமாறு கேட்டதற்கு, "டின் ஓபன் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்று பதில். திறக்காமல் உள்ளே நசுங்கியது எப்படித் தெரியும்? அதற்கப்புறம் பாரிமுனைப் பக்கம் நேரில் போய்த்தான் வாங்குகிறேன். கவுன்ட்டரிலேயே டின்னைச் சுற்றிப் பார்த்து, குலுக்கிப் பார்க்காமல் மெதுவாகத் திறந்து, மேலே இருக்கும் பத்துப் பதினைந்தைப் பார்ப்பேன். ஆதார் காட்டி, பில் போட்டு, டின்னைத் துணியில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு வருவேன். ஒரே லாட் நம்பர் எத்தனை டின் இருக்கிறது என்று கேட்டு, கையில் காசு இருந்தால் அந்த சீசனுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். ஒரே பிராண்டு, ஒரே எடை, ஒரே ஹெட் சைஸ் என்றாலும் லாட் மாறினால் குரூப் மாறலாம். பணம் பத்தாத வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம், எங்கள் ரேஞ்சில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

காலடிப்பேட்டையில் பெல்லட் வைத்திருப்பது தனி வேலை. வங்கக்கடல் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். இரும்பு பீரோவின் கீல் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். ஈயம் துருப்பிடிக்காது என்பார்கள். ஆனால் ஈரக் காற்று பட்டால் மேலே வெள்ளையாகப் பூக்கும், மாவு மாதிரி. மர அலமாரி, பிளைவுட் டிராயர் இன்னும் மோசம், மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். நான் டின்னை எவர்சில்வர் சம்படத்தில் வைத்து, ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவேன். வெள்ளை பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எடையும் மாறியிருக்கும், அந்த வெள்ளைத் தூள் உடம்புக்கு விஷமும்கூட.

ஈயம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, வளரும் பெண் பிள்ளை. சுட்டு முடித்ததும் முதல் வேலை சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அதற்கு முன்னால் போனைத் தொடக்கூடாது, தண்ணீர் பாட்டிலைத் தொடக்கூடாது. ரேஞ்சுக்குள் பிஸ்கட், சமோசா எதுவும் கிடையாது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோடு பண்ணுகிற பழைய பழக்கம் சில பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் பார்த்தால் அப்படியே செய்யும். டார்கெட்டுக்குப் பின்னால் சேரும் ஈயத்தைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது, தூள் கிளம்பும். ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈயம் இல்லாத, தகரக் கலவை பெல்லட்டும் வருகிறது. அது மிகவும் எடை குறைவு, எங்கள் ஊர்க் கடைகளில் வரிசையாகக் கிடைப்பதும் இல்லை, அதனால் அதை இந்தப் பரீட்சையில் சேர்க்கவில்லை.

மாவட்டப் போட்டியில் மகள் ஃபினாலே மேட்ச்சில் சுட்டாள். வெளியே தள்ளிய ஷாட் இரண்டு மூன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று அவளுக்கே தெரிந்திருந்தது, "அது நான் பண்ணதும்மா, டிரிக்கரை இழுத்துட்டேன்" என்றாள். பெல்லட்டைக் குறை சொல்லவே இல்லை.

இப்போது கடையில் ஆர்10 திரும்ப வந்திருக்கிறது. நாங்கள் மாறவில்லை. கையில் இருக்கும் ஃபினாலே மேட்ச் எல்லாம் ஒரே லாட், மாநிலப் போட்டி வரை வரும். மைஸ்டர்குகெல்ன் இரண்டு டின் ரேஞ்சில் பொதுவாக வைத்திருக்கிறோம், தேவைப்படும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதுகிறார்கள். மணல் மூட்டையும் அங்கேயேதான் இருக்கிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் யாராவது புது டின் வாங்கிச் சோதித்துப் பார்க்க நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். வெர்னியர் என் பையில் எப்போதும் இருக்கும். டின்னோடு, இதுவரை சுட்டுக்கொண்டிருந்த பழைய டின்னின் ஸ்டிக்கரையும் கொண்டு வரவும்.